ஜித்தா ஐந்தரை மணி நேரம். சென்னை பத்து மணி நேரம்!

விருதுநகரிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்? உம்ராவுக்குப் பெயர் கொடுத்த பெரியவர்களும், மகனை முதன்முறையாக சவூதிக்கு அனுப்பும் தாய்மார்களும் தவறாமல் கேட்கும் கேள்வி இது. டிராவல்ஸ்காரர் ஒரு பதில் சொல்வார். ஊரில் ஏற்கனவே போய் வந்தவர் வேறொரு பதில் சொல்வார். இரண்டும் ஒத்துப் போகாது. ஒருவர் வானத்தின் தூரத்தைச் சொல்கிறார், மற்றவர் வாசற்படியிலிருந்து கணக்குப் போடுகிறார் என்பதே காரணம்.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் தென் மாவட்ட மக்களின் நீண்டகாலப் பிரச்சினை. ஹஜ், உம்ரா பயணிகளை மட்டுமல்ல. வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள், அவர்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்கள், சாதி மத வேறுபாடின்றி இந்தப் பட்டாசு மண்ணின் எல்லா மக்களையும் பாதிக்கும் விஷயம் இது. எனவே சற்றுப் பொறுமையாக, எண்களோடு பார்ப்போம்.

வானத்தில் எவ்வளவு தூரம்?

பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறைந்த தூரம் என்பது வரைபடத்தில் கோடு போட்டுப் பார்ப்பது அல்ல. உருண்டையின் மேற்பரப்பில் அளக்கும் வளைகோடு. அந்தக் கணக்கின்படி சென்னையிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து 4,380. மதுரையிலிருந்து 4,350. திருவனந்தபுரத்திலிருந்து 4,300. கொச்சியிலிருந்து 4,170. விமானம் அரபிக் கடலைக் கடந்து, ஓமன் வழியாக சவூதிக்குள் நுழைந்து, அந்நாட்டின் குறுக்கே சென்று செங்கடல் கரையில் இறங்குகிறது. பாதை சற்று விலகினால் இந்த எண்களில் சிறிது கூடும்.

பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஐந்தரை மணி நேரம், சில நாட்களில் ஆறு மணி நேரத்தை நெருங்கும். திரும்பும்போது பெரும்பாலும் குறையும். குளிர்காலத்தில் மேல்வானில் காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதால், ஊர் திரும்பும் விமானத்துக்கு அது உதவி. போகும் விமானத்துக்கு எதிர்ப்பு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே காற்று கிழக்கிலிருந்து மேற்காக மாறி வீசும். அப்போது வித்தியாசம் சுருங்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துக் குழம்புவோர் பலர். சவூதியின் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அமீரகம் ஒன்றரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஜித்தாவில் பகல் 1 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால் பயணம் மூன்று மணி நேரம் அல்ல, ஐந்தரை மணி நேரம். ஜித்தாவில் இரவு 10 மணிக்கு ஏறி மறுநாள் காலை 5.30-க்குச் சென்னையில் இறங்கினால் ஏழரை மணி நேரம் அல்ல, ஐந்து மணி நேரம். மருந்து வேளை தவறக்கூடாத சர்க்கரை நோயாளிகள் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போவது நல்லது.

தரையில் எவ்வளவு தூரம்?

இப்போது வாசற்படிக் கணக்கைப் பார்ப்போம். விருதுநகரிலிருந்து மதுரை விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தூரம். சிவகாசியிலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் சற்றுக் கூடுதல். ஆனால் சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பொதிகை எக்ஸ்பிரஸில் சிவகாசியில் ஏறினால் இரவு முழுவதும் பயணம். பேருந்தும் அப்படியே. விமான நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு முன்பே இருக்க வேண்டும். ரயில் தாமதமானால் விமானம் காத்திருக்காது என்பதால் முந்தைய நாளே கிளம்புவோர்தான் அதிகம்.

ஆக, 4,450 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்தில் கடக்கும் ஒருவர், அதற்கு முந்தைய 500 கிலோமீட்டருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் செலவிடுகிறார். மொத்தத் தூரத்தில் இது பத்தில் ஒரு பங்கு. மொத்த நேரத்திலோ பாதிக்கும் மேல்! அதிலும் விசித்திரம் என்னவென்றால், ஜித்தா நமக்கு மேற்கே இருக்கிறது. சென்னை வடகிழக்கே இருக்கிறது. ஜித்தா போக வேண்டியவர் இரவு முழுவதும் ஜித்தாவிலிருந்து விலகிப் போய், பிறகு அங்கிருந்து விமானம் ஏறுகிறார்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. சிவகாசி, ராஜபாளையம் பகுதியிலிருந்து செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். கொச்சி சுமார் 300 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து ஜித்தாவுக்கு நேரடி விமானங்கள் உண்டு. மதுரையிலிருந்து துபாய் சென்று அங்கிருந்து மாறுவோரும் உண்டு. மதுரை - துபாய் நான்கு மணி நேரம், காத்திருப்பு மூன்று நான்கு மணி நேரம், துபாய் - ஜித்தா மூன்று மணி நேரம் என்று மொத்தம் பத்துப் பதினொரு மணி நேரம் ஆகும். சென்னைக்கு ரயிலில் போவதைவிட இது சில நேரங்களில் விரைவு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு விமானங்களுக்கும் ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் பெட்டி நேராக ஜித்தா போகும்; முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்துக்கு ஏற்பாடு செய்வதும் அவர்கள் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனி டிக்கெட் வாங்கினால் இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் போட வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் பயணியின் தலையில்தான். மதுரை - சென்னை விமானத்தைத் தனி டிக்கெட்டில் எடுத்து, சென்னையில் ஜித்தா விமானத்தைப் பிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "அரபியும் பார்க்கட்டும் நம்ம ஊர் மத்தாப்பை" என்று பெட்டியில் கம்பி மத்தாப்பையோ பாம்பு மாத்திரையையோ வைத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டாசு எந்த வகையானாலும், சிறியதானாலும், பயணிகள் விமானத்தில் கையிலும் பெட்டியிலும் அறவே கூடாது. பெட்டியில் தீப்பெட்டியும் கூடாது. பயணம் நின்றுபோவதோடு வழக்கும் வரும்.

மதுரையிலிருந்து ஏன் போக முடியவில்லை?

இந்தக் கேள்விக்கு "மத்திய அரசு தரவில்லை" என்ற ஒரே வரியில் பதில் சொல்வது வழக்கம். அது முழுமையான பதில் அல்ல. குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஒப்பந்தம். ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் இந்தியாவின் எந்த ஊருக்கும் தன் விருப்பப்படி வந்துவிட முடியாது. இரு நாடுகளுக்கிடையேயான விமான சேவை ஒப்பந்தத்தில் எந்தெந்த ஊர்கள் என்ற பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும் ஊருக்கு மட்டுமே வர முடியும். சென்னை, கொச்சி, திருவனந்தபுரத்துக்கு வளைகுடா நிறுவனங்கள் வருவதும், சிங்கப்பூர், மலேசியா நிறுவனங்கள் திருச்சிக்கு வருவதும் இதனால்தான். மதுரையை இத்தகைய பட்டியல்களில் சேர்க்க வேண்டும் என்பது தென் மாவட்ட எம்.பி.க்களும் வணிகர் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் வைத்துவரும் கோரிக்கை. இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. எனவேதான் 2012-இல் மதுரையின் முதல் வெளிநாட்டுச் சேவையை ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்குத் தொடங்க முடிந்தது. துபாய்ச் சேவையும் அந்நிறுவனத்துடையதே. 2025 ஜூனில் இண்டிகோ மதுரையிலிருந்து அபுதாபிக்குச் சேவை தொடங்கியதும் இதே வழியில்தான்.

இரண்டாவது, ஓடுபாதை. மதுரை ஓடுபாதையின் நீளம் 2,285 மீட்டர், அதாவது சுமார் 7,500 அடி. 180 பேர் அமரும் நடுத்தர விமானங்களுக்கு இது போதும். முந்நூறு, நானூறு பேரை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் செல்லும் பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு கிளம்ப இது போதாது. ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. நிலம் கையகப்படுத்துவது, குறுக்கே வரும் சாலையை என்ன செய்வது என்ற கேள்விகளில் அது இழுபட்டு வந்திருக்கிறது.

மூன்றாவது, சரக்கு. வெளிநாட்டுப் பயணிகள் விமானத்துக்கு டிக்கெட் மட்டும் வருமானம் அல்ல. கீழ்த்தளத்தில் ஏற்றும் சரக்கும் வருமானம்தான். கேரள விமான நிலையங்களிலிருந்து காய்கறியும் பழமும் மீனும் நாள்தோறும் வளைகுடாவுக்குப் பறக்கின்றன. நம் பகுதியின் பெருந்தொழில்களைப் பாருங்கள். பட்டாசு பயணிகள் விமானத்தில் ஏறாது. தீப்பெட்டியும் அப்படியே. சிவகாசியின் அச்சுத்தொழில் தரும் நோட்டுகளும் காலண்டர்களும் எடை மிகுந்தவை. லாரியிலும் கப்பலிலும்தான் கட்டுப்படியாகும். ராஜபாளையத்து நூலும் கப்பலைத்தான் நாடும். கையில் பெரிய தொழில் இருந்தும், அந்தத் தொழிலுக்கு விமானம் தேவைப்படாத பகுதி இது. ஆகவே விமானம் வேண்டும் என்ற குரல் பயணிகளிடமிருந்துதான் வர வேண்டும். பயணிகளோ சிதறிக் கிடக்கிறார்கள். பத்துப் பேர் சென்னைக்கும், ஐந்து பேர் திருவனந்தபுரத்துக்கும், மூன்று பேர் திருச்சிக்கும் போய்விடுவதால், மதுரையின் கணக்கேட்டில் நம் பயணங்கள் பதிவாவதே இல்லை.

ஹஜ் பயணிகளின் நிலை

தமிழ்நாட்டு ஹஜ் பயணிகளுக்கு அரசு ஹஜ் கமிட்டி வழியாகப் புறப்படும் இடம் சென்னை மட்டுமே. அதுவும் ஒருமுறை பறிபோனது. கொரோனாவுக்குப் பிறகு நாடு முழுவதும் இருந்த 21 புறப்பாட்டு இடங்கள் பத்தாகக் குறைக்கப்பட்டபோது சென்னை நீக்கப்பட்டது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் 2022-இல் தமிழகப் பயணிகள் கொச்சி சென்றுதான் விமானம் ஏறினார்கள். 2023-இல்தான் சென்னை திரும்பக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த ஓராண்டு அனுபவத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு பாடம் இருக்கிறது. சென்னை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குக் கொச்சி என்பது பெரும் சிரமம். ஆனால் விருதுநகர், தேனி, தென்காசி மக்களுக்கு, மொழியும் ஏற்பாடுகளும் புதிது என்பதைத் தவிர, தூரத்தில் கொச்சி சென்னையைவிட அருகே இருந்தது. சென்னை பறிக்கப்பட்டது அநீதி என்பதில் ஐயமில்லை. அதே நேரம், ஒரு மாநிலத்துக்கு ஒரு புறப்பாட்டு இடம் என்ற கணக்கு தூரத்தைப் பார்த்துப் போடப்பட்டதல்ல என்பதையும் அது காட்டியது.

கேரளத்தில் கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர் என மூன்று இடங்களிலிருந்து ஹஜ் விமானங்கள் கிளம்புகின்றன. கண்ணூர் விமான நிலையம் திறக்கப்பட்டதே 2018 டிசம்பரில்தான். 2023-இல் அது ஹஜ் புறப்பாட்டு இடமாகிவிட்டது. வெளிநாட்டு நிறுவனங்களின் வழக்கமான சேவைக்கு கண்ணூருக்கும் மதுரையைப் போலவே ஒப்பந்தத் தடை உண்டு. ஆனால் ஹஜ் விமானங்கள் தனி ஏற்பாட்டில் இயங்குவதால், 2024-இல் சவூதி நிறுவனத்தின் பெரிய விமானங்களே அங்கு வந்து பயணிகளை ஏற்றின. அப்படியானால் மதுரைக்கும் கண்ணூருக்கும் என்ன வேறுபாடு? கண்ணூரின் ஓடுபாதை 3,050 மீட்டர். மதுரையுடையது 2,285. ஹஜ்ஜைப் பொறுத்தவரை பெரிய தடை ஓடுபாதைதான்.

"சிறிய விமானத்திலாவது அனுப்பலாமே" என்று கேட்கத் தோன்றும். அதன் விலையைக் கோழிக்கோடு மக்கள் கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று அங்கு நடந்த விபத்துக்குப் பிறகு பெரிய விமானங்கள் நிறுத்தப்பட்டன. சிறிய விமானங்களில் ஹஜ் பயணிகள் அனுப்பப்பட்டார்கள். 2024-இல் கோழிக்கோட்டுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட கட்டணம் கொச்சி, கண்ணூர் கட்டணத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. போராட்டத்துக்குப் பிறகு ஓரளவு குறைத்தார்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஹஜ் விமானம் போகும் பருவத்தில் ஆட்களை நிரப்பிச் சென்று காலியாகத் திரும்புகிறது. திரும்பும் பருவத்தில் காலியாகச் சென்று நிரப்பி வருகிறது. ஒரு பயணிக்காக அந்த விமானம் நான்கு முறை கடலைக் கடக்கிறது. விமானம் சிறியதாக இருந்தால் இந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் தலைகள் குறைவு. முன்பு அரசு மானியம் இந்தச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கியது. 2018 முதல் மானியம் இல்லை. கட்டணத்தின் ஒவ்வொரு ரூபாயும் ஹாஜியின் சேமிப்பிலிருந்துதான் போகிறது. எனவே "மதுரையிலிருந்து ஹஜ் விமானம்" என்று கேட்கும்போது, எந்த அளவு விமானம், என்ன கட்டணம் என்பதையும் சேர்த்துக் கேட்பதே அறிவு. தூரம் குறைந்து கட்டணம் இரட்டிப்பானால் ஏழை ஹாஜிக்கு அதனால் என்ன பயன்?

ஜனாஸா காத்திருக்குமா?

ஹஜ் வாழ்நாளில் ஒருமுறை. ஆனால் தூரத்தின் உண்மையான வேதனை தெரிவது ஒரு மரணச் செய்தி வரும்போதுதான்.

பட்டாசுப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் மீண்டும் உயிர்கள் பறிபோயின. இடைப்பட்ட ஆண்டுகளிலும் விபத்து இல்லாத ஆண்டு கிடையாது. மருந்து கலக்கும் அறையில் தாய் அல்லது தந்தை. கடன் அடைக்க வளைகுடாவில் மகன். இப்படிப்பட்ட குடும்பங்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கின்றன.

காலை 9 மணிக்குச் செய்தி போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜித்தாவில் அப்போது 6.30. முதலாளியிடம் சொல்லி, வெளியேறித் திரும்பும் விசாவை எடுத்து, டிக்கெட் கிடைத்து விமான நிலையம் போக எல்லாம் சரியாக நடந்தாலும் ஐந்தாறு மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். பறப்பது ஐந்து மணி நேரம். சென்னையில் இறங்கிச் சோதனை முடிந்து, கார் பிடித்து விருதுநகர் வர ஒன்பது மணி நேரம். வீட்டு வாசலை மிதிக்கும்போது மறுநாள் காலை ஏழு, எட்டு மணி தாண்டியிருக்கும். இது எதுவும் தவறாமல் நடந்தால்! நேரடி விமானம் அன்று இல்லையென்றால் இன்னும் ஒரு நாள் கூடும். மதுரைக்கு நேராக வர முடிந்தால் இதே பயணம் ஏழெட்டு மணி நேரம் குறையும். அந்த ஏழெட்டு மணி நேரம்தான், தாயின் முகத்தை மகன் பார்ப்பதற்கும் பார்க்காமல் போவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம்.

மார்க்கத்தின் வழிகாட்டல் இதில் தெளிவானது. ஜனாஸாவைத் தேவையின்றித் தாமதிக்காமல் அடக்கம் செய்வதே சுன்னத். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் கிடைப்பதற்குள் மகன் வந்துவிடுவார் என்றால் சில மணி நேரம் பொறுப்பதில் தவறு காண முடியாது. ஆனால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாட்கள் காத்திருப்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. தூரத்திலிருக்கும் மகன் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவரானால் அங்கேயே ஜனாஸா தொழலாம். பிறகு வந்து கப்ரில் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் மறைவான ஜனாஸாத் தொழுகை இல்லை. ஆனால் துஆவுக்கும் தர்மத்துக்கும் தூரம் கிடையாது. வர இயலாத மகனை "கடைசி முகத்தைக்கூடப் பார்க்க வரவில்லை" என்று ஊர் பேசுவது பெரும் பாவம். அவன் கையில் இல்லாத ஒன்றுக்கு அவனைக் குற்றம் சொல்லாதீர்கள்.

சவூதியில் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2021 மார்ச் 14 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தத்தின்படி, தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் முதலாளியின் அனுமதிக்குக் காத்திராமல், அரசின் இணையத் தளம் வழியே தாங்களே வெளியேறித் திரும்பும் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு வேலையாட்கள், வீட்டு ஓட்டுநர்கள், தோட்டத் தொழிலாளர்கள் இதில் சேரமாட்டார்கள். இகாமாவும் பாஸ்போர்ட்டும் காலாவதியாகாமல் இருந்தால்தான் எந்த வழியும் திறக்கும். அவசரம் வந்த பிறகு தேதியைப் பார்ப்பதில் பயனில்லை.

பயணத்தில் வணக்கம்

நேரமும் தூரமும் மாறும் பயணத்தில் மூன்று சந்தேகங்கள் அடிக்கடி வருகின்றன. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கஸ்ர் தொழுகைக்கான தூரம் விமானத்தில் ஏறுவதிலிருந்து அளக்கப்படுவதில்லை. ஹனஃபி அறிஞர்கள் ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்றும், ஷாஃபிஈ அறிஞர்கள் 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியும் கணக்கிடுகிறார்கள். சென்னை நோக்கி விருதுநகரின் எல்லையைத் தாண்டியவுடனேயே அவர் பயணி. விரைவாகப் போய்விட்டோம், களைப்பே இல்லை என்பதால் இந்தச் சலுகை போய்விடாது.

உம்ராவுக்குச் செல்வோர் ஜித்தாவில் இறங்கிய பிறகு இஹ்ராம் அணியலாம் என்று எண்ணக்கூடாது. விமானம் தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரத்துக்கு முன்பே மீகாத் எல்லையைக் கடந்துவிடும். ஊரிலோ புறப்படும் விமான நிலையத்திலோ உடையை அணிந்துகொண்டு, விமானத்தில் அறிவிப்பு வரும்போது நிய்யத் செய்வது எளிது. துபாய், அபுதாபி வழியாகச் செல்வோர் அங்கு காத்திருக்கும் நேரத்திலேயே ஆயத்தமாகலாம். தூங்குபவர்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் எழுப்பச் சொல்லி வையுங்கள்.

ரமளானில் நோன்போடு மேற்கு நோக்கிப் பறப்பவருக்குப் பகல் நீளும். தான் இருக்கும் உயரத்திலிருந்து சூரியன் மறைந்த பிறகுதான் நோன்பு திறக்க வேண்டும். விருதுநகர் கடிகாரப்படி அல்ல. கடினமென்றால் பயணிக்கு விடும் சலுகை இருக்கவே இருக்கிறது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

விருதுநகர் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. திருப்பரங்குன்றம், திருமங்கலம் சட்டமன்றத் தொகுதிகள் விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகின்றன. மதுரை விமான நிலையத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய முதல் குரல் நம் தொகுதியின் குரல்தான். அந்தக் குரல் எழும்போது அதன் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை நம் ஜமாஅத்கள் கொடுக்க முடியும். ஒவ்வொரு மஹல்லாவும் ஓர் ஆண்டுக்கு ஒரு பதிவேடு வைத்தால் போதும். வெளிநாடு சென்றவர் எத்தனை பேர், எந்த நாடு, எந்த மாதம், எந்த விமான நிலையம் வழியாக என்று நான்கே பத்திகள். பெயரும் வேண்டாம், பாஸ்போர்ட் எண்ணும் வேண்டாம். விருதுநகர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், சிவகாசி ஜமாஅத்களோடு கீழக்கரை, மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் ஆகிய ஊர்களும் சேர்ந்தால், தென் மாவட்டப் பயணிகள் எத்தனை பேர் வேறு விமான நிலையங்களுக்குச் சிதறுகிறார்கள் என்பது எண்ணாகக் கிடைக்கும். தேவாலயங்களும் ஊர்ச் சங்கங்களும் இதே பதிவைச் செய்ய நாம் அழைக்கலாம். வேலைக்குச் செல்லும் சகோதரர்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். "மதுரைக்கு விமானம் வேண்டும்" என்ற மனுவைவிட, "இந்த மாதத்தில் இத்தனை பேர் ஜித்தாவுக்கும் ரியாதுக்கும் போகிறோம்" என்ற தாளுக்கு விமான நிறுவனத்தின் மேசையில் மதிப்பு அதிகம்.

கோரிக்கையின் வரிசையும் முக்கியம். முதலில், உடனே சாத்தியமானது: இந்திய நிறுவனங்கள் மதுரையிலிருந்து ஜித்தாவுக்கு வாரம் ஓரிரு நாட்களாவது நடுத்தர விமானத்தில் சேவை தொடங்குவது. கோழிக்கோட்டிலிருந்து இத்தகைய விமானங்கள் ஜித்தாவுக்குப் பறக்கின்றன. அடுத்து, ஒப்பந்தப் பட்டியல்களில் மதுரையைச் சேர்ப்பது. ஓடுபாதை நீண்ட பிறகு, கட்டண வரம்போடு ஹஜ் புறப்பாட்டு இடம். அதுவரை சென்னையில் தென் மாவட்ட ஹாஜிகளுக்குத் தங்கும் வசதியும், அவர்களுக்கான இணைப்பு ரயில் அல்லது பேருந்து ஏற்பாடும்.

ஓடுபாதையைப் பற்றிப் பேசும்போது மறக்கக்கூடாத ஒன்று உண்டு. அது நீள்வதற்கு நிலம் கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற எளியவர்கள்தான். சின்ன உடைப்பு கிராம மக்கள் மாற்று இடமும் வீடும் கேட்டு 2024 நவம்பரில் போராடினார்கள். நம் பயணம் எட்டு மணி நேரம் குறைவதற்காக இன்னொருவர் தன் வீட்டை இழந்து நிற்கக்கூடாது. அவர்களுக்கு உரிய இழப்பீடும் மறுகுடியமர்வும் கிடைத்த பிறகே வேலை நடக்க வேண்டும் என்பதையும் நம் மனுவில் ஒரு வரியாக எழுத வேண்டும். அநீதியின் மீது போடப்பட்ட பாதையில் ஹஜ்ஜுக்குப் போவதை நாம் விரும்ப முடியாது.

நம் முன்னோர்கள் பம்பாய் வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் நாட்கணக்கில் பயணித்து ஜித்தாவை அடைந்தார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995-இல் நின்றது. கடல் தூரம் ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. மீதமிருப்பது நம் சொந்த மாநிலத்துக்குள் இருக்கும் ஓர் இரவுத் தூரம். அதைச் சுருக்குவது மனிதர்கள் கையில் இருக்கும் காரியம். வரும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு பதிவேட்டைத் திறந்து வைப்பதில் அதைத் தொடங்கலாம். பயணம் செய்யும் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பானாக!